காத்திருப்பின் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

சிறிய ராக்கெட் சேவையை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று மறுநாள் காலை முடிவாகிவிடும். முடிவைச் சொல்லப்போவது அவள் போட்ட கணக்கு. செயற்கைக்கோள்களை ஏவித் தரும் அந்த நிறுவனத்தில் எந்தச் சேவைக்கு என்ன மதிப்பு என்று கணக்கிடுவது அவள் வேலை. சிறிய ராக்கெட்டை நம்பிக் கீழ்த்தளத்தில் நாற்பது பேர் இருந்தார்கள்.

கணக்கு ஈவிரக்கம் பார்க்கவில்லை. பலருடைய செயற்கைக்கோள்களை மொத்தமாக அள்ளிப்போகும் பெரிய ராக்கெட்டில் கிலோவுக்குப் பாதி விலை. என்ன, இடம் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். 'காத்திருப்பின் செலவு' என்ற கட்டத்தில் அவளேதான் பூஜ்யம் போட்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் பழைய கிடங்கு நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலணிப் பெட்டி அளவுச் செயற்கைக்கோள் ஒன்று பெரிய ராக்கெட்டுக்காகப் பதினான்கு மாதம் கிடங்கில் கிடந்தது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று, அதைச் செய்த நால்வர் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வருவார்கள். சாவி அவளிடம். ஏறி முடிக்க மூன்று மணி நேரம். அதுவரை படிக்கட்டில் உட்கார்ந்து, அது மேலே போய் என்னென்ன கிழிக்கப்போகிறது என்று அளந்துவிடுவார்கள். பிறகு மூவர் வந்தார்கள். பிறகு இருவர். கடைசி ஐந்து மாதம் ஒருவர் மட்டும். அவருக்குப் பேட்டரி அண்ணன் என்று பெயர் விழுந்தது. அவளும் அவரும் பேசாமலே மூன்று மணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். அப்படியொரு நிம்மதியான மௌனம் பிறகு அவளுக்கு வாய்க்கவேயில்லை.

பல வருடம் கழித்து இன்று அவரை அழைத்தாள். இப்போதைய சிறிய ராக்கெட்டைப் போல நாலே மாதத்தில் ஏவித் தந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டாள். பெரிய தொகையாகச் சொல்வார் என்று நம்பினாள்.

"ஒரு காசும் கொடுத்திருக்க மாட்டேம்மா. அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிச்சிருந்தது."

அவளுக்கும்தான். கணக்கைச் சொல்லி, அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவரிடமே கேட்டாள்.

"என்னைக் கேட்டா எப்படி? நான் காத்திருந்தவன். காத்திருக்க முடியாமப் போனாங்களே மூணு பேர், அவங்களைக் கேளு. நம்பர் தர்றேன்."

மாலைக்குள் மூவரிடமும் பேசிவிட்டாள். ஒருவருக்குக் குழந்தை பிறந்து, சம்பளம் வரும் வேலை தேவைப்பட்டிருந்தது. ஒருவரை வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போயிருந்தது. இருவரும் இரண்டு மடங்கு கொடுத்திருப்போம் என்றார்கள். மூன்றாமவர், தரையிலிருந்து செயற்கைக்கோளோடு பேசும் மென்பொருளை எழுதியவர், வீட்டை விற்றாவது கொடுத்திருப்பேன் என்றார். அவர் போன பிறகு, மேலே ஏறியும் அந்தச் செயற்கைக்கோளை இயக்க ஆளே இல்லாமல் போயிருந்தது.

அவள் பூஜ்யத்தை அழித்து, மூவரும் சொன்னதை வைத்து ஒரு தொகை போட்டாள்.

காலையில் மேலாளர் சரியாக அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "நாலு பேர் பேச்சை வச்சு ஒரு கணக்கா?"

"மூணு பேர் சார். நாலாவது ஆள் ஒத்துக்கல. அதையும் கீழ எழுதியிருக்கேன்."

மேலாளர் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தார். எல்லா வாடிக்கையாளரையும் கேட்டு வரச் சொல்லி, ஆறு மாத அவகாசம் கொடுத்தார்.

அவள் இறங்கிப்போய் நாற்பது பேரிடமும் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. மேசையைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர் மட்டும், ஆறு மாதத்தில் ஒன்று ஏவிவிடலாம் என்று முணுமுணுத்தபடி வேலைக்குப் போடும் வெள்ளை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.