பதினோரு மாதச் செவ்வாய்க்கிழமை

மொழிபெயர்ப்பாளர் வீட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மாதம் நீடித்தது. தெருவில் மற்றவர்களுக்கு எல்லாக் கிழமைகளும் முறையாக வந்து போயின. பள்ளிக்கூடம் திறந்தது, பரீட்சை நடந்தது, லீவு விட்டார்கள். முதல் மாடியில் இடதுபக்க வீட்டுக்குள் மட்டும் செவ்வாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெள்ளிக்கிழமையில் இருந்தவர்கள் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும்போது செவ்வாய்க்கு வந்துவிடுவார்கள். காலண்டரில் தாளைக் கிழித்தால் அடியிலும் அதே தேதி இருந்தது. சமையல் கேஸ் தீரவே இல்லை. ஏழாவது மாதம் ஏஜென்சியிலிருந்து ஓர் ஆள் வந்து சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

காரணம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பிரெஞ்சில் எழுதிய ஒரு சோக நாடகத்தை அவள் அப்போது தமிழாக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்து நாடகங்களுக்குக் கறாரான சட்டதிட்டம் உண்டு. கதை ஒரே நாளில் முடிய வேண்டும், ஒரே இடத்தில் நடக்க வேண்டும், யாராவது செத்தால் மேடைக்கு வெளியே போய்ச் சாக வேண்டும். இந்த நாடகத்தில் தோற்றுப்போன நாட்டு இளவரசன் ஒரு ராணியிடம் பிணையாக இருக்கிறான். அன்று பொழுது சாய்வதற்குள் அவனைக் கப்பலேற்றி அனுப்பியாக வேண்டும். ராணிக்கு அவன்மேல் உயிர். முதல் அங்கத்தில் அரண்மனையில் விடிந்தபோது மொழிபெயர்ப்பாளர் வீட்டிலும் வெயில் கிழக்கு ஜன்னலில் இருந்தது. மூன்றாம் அங்கத்தில் உச்சிக்கு வந்தது. ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினால் தரையில் வெயில் ஒரு விரற்கடை பின்வாங்கும். இருட்டே இல்லாததால் அவளும் அவள் கணவரும் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினார்கள்.

கணவர் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் புத்தகத்தின் அச்சுப்படியில், ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில், 'தாங்கள் இங்கு சொல்ல வந்தது இதுதானா?' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். அதன் அடியில் அவள், 'இல்லை. கண்டுபிடித்ததற்கு நன்றி' என்று எழுதி அனுப்பினாள். கல்யாணம் அங்கே ஆரம்பித்தது, மரியாதையும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரில் யாரும் மற்றவரை நீ என்று கூப்பிட்டதில்லை. சண்டை என்று வந்தால்கூட, "நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கீங்களா?" என்றுதான் போட்டுக்கொள்வார்கள். அப்படி இருக்கையில் தூரத்து ஊரிலிருந்து ஓர் அகராதி அலுவலகம் கணவரை மூன்று வருஷ வேலைக்குக் கூப்பிட்டது. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்.

"கூப்பிடுறாங்க. போகட்டுமா?"

"உங்க இஷ்டம்."

வேண்டாம் என்று சொல்வாள் என அவர் காத்திருந்தார். போகவில்லை என்று அவராகச் சொல்வார் என அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் மரியாதையாக எழுந்து கை கழுவினார்கள். புதன்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்தார். அன்றைக்குத்தான் அவள் நாடகத்தின் முதல் வரியை எழுதினாள்.

கிழமை நகரவில்லை என்பது அவருக்கு முதலில் தெரிந்தது. தேதி விஷயத்தில் பிழைதிருத்துபவர்கள் வளைந்துகொடுப்பதில்லை. புதன்கிழமை என்று போட்ட டிக்கெட்டுக்குச் செவ்வாய்க்கிழமை கிளம்புவது அவருக்கு ஒப்பவில்லை. அகராதி அலுவலகத்துக்கு, 'வீட்டில் இன்னும் செவ்வாய்தான், பொறுத்தருள்க' என்று எழுதினார். நாற்காலி காலியாகவே இருக்கும், புதன் வந்ததும் வரலாம் என்று பதில் வந்தது. அகராதிக்காரர்களுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. எதிர்வீட்டு அக்கா இதில் கொள்ளை லாபம் பார்த்தாள். ஊரெல்லாம் மழை கொட்டும்போது ஈரத்துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்து மொழிபெயர்ப்பாளர் வீட்டுப் பால்கனியில் உலர்த்துவாள். வெயில் குறைந்தால், "என்னம்மா, இன்னைக்கு நிறைய எழுதிட்டியா?" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

உண்மையில் அவள் நிறைய எழுதவில்லை. நாடகம் முடிந்தால் பொழுது சாயும், பொழுது சாய்ந்தால் புதன் வரும், புதன் வந்தால் பெட்டி போய்விடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காற்புள்ளியை வைப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தாள். அதைத் தொழில்பக்தி என்று யாராவது சொல்லிக்கொண்டால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது மாதம், அதை மேடையேற்றுவதற்காக அவளிடம் தமிழாக்கக் கொடுத்திருந்த நாடகக்காரர் பொறுமை இழந்து, முடிந்த நான்கு அங்கங்களை ஒரு சிறிய கூடத்தில் ஆள் வைத்து வாசிக்கவிட்டார். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நர்சுகள், பஸ் கண்டக்டர்கள், ஒரு பல் டாக்டர். ராணி இளவரசனை 'தாங்கள்' என்று கூப்பிட்டபோதெல்லாம் கூடம் சிரித்தது.

"மாமியார்கிட்ட பேசுற மாதிரி இருக்குங்க," என்றார் நாடகக்காரர். "இந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது ஒட்டாது. முதல்லேருந்தே நீன்னு போட்டுடுங்க."

"அது அரண்மனைங்க. நாலு அங்கமா அந்த மரியாதையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ நிக்கிறா. கடைசியில ஒரே ஒரு தடவை அது கைநழுவிப் போகுது, நீன்னு சொல்லிடுறா. இப்பவே அதைக் கொடுத்துட்டா அப்புறம் அவகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"அந்த ஒரு தடவை சிரிக்காம இருந்தாங்கன்னா சரி," என்றார் அவர்.

தாங்களை மட்டும் நீங்களாகக் குறைக்க அவள் ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஐந்தாம் அங்கத்தைத் தொடங்கினாள். வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்தது. இளவரசன் கதவருகே போய்விட்டான், ராணி வாய் திறக்க வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிரெஞ்சில் இருந்தது நான்கே சொல், ஒரு குழந்தைக்கும் புரியும். அவள் எழுதினாள், அடித்தாள், வேறு எழுதினாள், அதையும் அடித்துவிட்டு முதலில் எழுதியதையே எழுதி மறுபடி அடித்தாள். வெயில் மேற்கு ஜன்னலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் இரண்டு மாதம் போய் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்காவின் துணிகள் காய்ந்து, வெளுத்து, மொடமொடத்துப்போயின.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் கணவர் அந்தத் தாளை எடுத்தார். எழுதியதையெல்லாம் படித்துப் பார்ப்பது அவர் வேலை. இருபத்தேழு வருஷமாக அவளுடைய ஒரு பக்கமும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போனதில்லை. கடைசியாக அடிக்காமல் விட்டிருந்த வரி இப்படி இருந்தது: 'போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம்.' அதற்கு மேலே, ஒரே கோட்டில் அடித்த இரண்டு சொற்கள் இருந்தன. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவள் கையெழுத்து தெரியும். அந்த இரண்டு சொல்லை எழுதும்போது பேனா தாளின் மறுபக்கம்வரை அழுந்தியிருந்தது.

அவள் துண்டோடு வந்து நின்றாள்.

"இந்த அம்மா பிரெஞ்சுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"அடிச்சிருக்கேனே, அதைத்தான்."

"அப்ப ஏன் அடிச்சீங்க?"

"சொல்ல வரல."

"ராணிக்கா?"

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எனக்கு," என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அச்சகத்தில் ஒரு குறி உண்டு. தவறி அடித்துவிட்ட சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தால், அடித்தது செல்லாது, சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். அவர் அந்த இரண்டு சொல்லுக்கும் அடியில், அவசரமில்லாமல், ஏழு புள்ளி வைத்தார். பிறகு தாளை அவளிடம் நீட்டி, "எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க. நாடகம் காதுல விழணும்," என்றார்.

அவள் தாளைப் பார்க்காமல் வாசித்தாள்.

"நீ போகாதே."

"போகல," என்றார் அவர்.

நாடகத்தில் இளவரசன் போய்விடுகிறான், சட்டம் அப்படி. மிச்சம் இருந்தது ஒரு பணியாள் வந்து கப்பல் கவிழ்ந்த கதையைச் சொல்லும் நாற்பது வரிதான். அதை அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடைசி வரியில் வெயில் ஜன்னல் கம்பியைவிட்டு இறங்கியது. பதினோரு மாதத்துக்குப் பிறகு வீட்டில் விளக்குப் போட்டார்கள். இரண்டு பேரும் அழுதார்கள், சந்தோஷத்தில்தான்.

விடிந்தபோது புதன்கிழமையாக இருந்தது, நல்ல மழை. சிலிண்டர் அன்றைக்கே தீர்ந்தது. பெட்டியிலிருந்து எடுத்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றுக்கு ஒருநாள்தான் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அக்கா வாளியோடு வந்து பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, "முடிச்சிட்டியா? சொல்லியிருக்கக் கூடாதா, நேத்தே துவைச்சிருப்பேனே," என்று திரும்பிப் போனாள். அப்போது உள்ளேயிருந்து, "சாரல் அடிக்குது, நீ அந்த ஜன்னலைச் சாத்தேன்," என்று ஒரு குரல் கேட்டது. வாளியோடு படியில் நின்ற அக்கா, யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

நாடகம் மேடையேறியபோது அந்த ஒரு இடத்தில் கூடம் சிரிக்கவில்லை. பஸ் கண்டக்டர் ஒருவர் பக்கத்து ஆளிடம் கைக்குட்டை கேட்டு வாங்கினார். அகராதி அலுவலகம் சொற்பட்டியலைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. கணவர் வீட்டிலிருந்தே திருத்தி அனுப்புகிறார். ஆள் முன்னால் இன்னும் நீங்கதான், மற்ற நேரத்தில் நீ. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்த வீட்டுப் பால்கனியில் வெயில் ஒருமணி நேரம் பிந்தி இறங்குகிறது. எதிர்வீட்டு அக்கா போர்வைகளை அன்றைக்கு என்று ஒதுக்கி வைக்கிறாள்.