இரண்டு வீட்டுக்கு ஒரு கார்

கிட்டே வாங்க கண்ணுங்களா. ஃபேனுக்கு அடியில் இடம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இன்றைக்கு ராஜா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு கார் கதை சொல்லப் போகிறேன். கார்தானா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அதற்குள் ஒரு கல்யாணம் இருக்கிறது, வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் அசடு வழிவதும் இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ராஜமாணிக்கம் என்று ஒருவர். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் மனைவி சௌந்தரம். சௌந்தரத்தின் தம்பி பாலகுமாருக்குச் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை. மாமாவும் மச்சானுமாகச் சேர்ந்து ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினார்கள். வயதான ஒரு டாக்டர், வாங்க ஆளில்லாமல் ஷெட்டில் மூடி வைத்திருந்த கார். தோல் சீட்டு, மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஓர் ஆளாக வாங்க இரண்டு பேருக்குமே துணிச்சல் இல்லை. அதனால் ஒரு வாரம் கடலூரில், மறு வாரம் சிதம்பரத்தில் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதிரிக் காரை ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் தொட மாட்டோம் என்றார்கள். கம்பெனிக்காரனைத் தேடி மெட்ராஸ் போக வேண்டும். அதனால் இவர்களே செய்துகொண்டார்கள். செல்போனில் வெள்ளைக்காரன் போடுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, எலி கடித்த ஒயரை ஒட்டுவது எல்லாம் பழகிவிட்டது. ராஜமாணிக்கத்துக்கு மெஷினில் கை பழக்கம், பாலகுமாருக்குச் சின்னச் சின்ன ஸ்க்ரூவில் பொறுமை. ஆனால் கவனியுங்கள், அவரவர் ஊரில், அவரவர் வாரத்தில், தனித்தனியாகத்தான் செய்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சௌந்தரம் கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு, பிறந்த வீட்டுச் சீராக வந்த கிரைண்டர் ஓடாமல் நின்றுவிட்டது. "உங்க வூட்டு சாமானே இப்படித்தான்" என்று ராஜமாணிக்கம் வந்தவர்கள் நடுவில் சொல்லிவிட்டார். வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அதற்குப் பிறகு சௌந்தரத்தின் அப்பா வருஷக்கணக்கில் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அன்றிலிருந்து, மச்சான் கை பட்ட எந்தப் பொருளைப் பற்றியும் ராஜமாணிக்கம் வாயைத் திறப்பதில்லை. பாலகுமாருக்கோ, அக்கா வீட்டுக்குப் போகிற பொருளில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காரை ஒப்படைக்கும்போது கார் குளித்து வந்த குழந்தை மாதிரி இருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் வரைக்கும் பைப்பை விட்டுக் கழுவியிருப்பார்கள். "எதுனா தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "சேச்சே, சூப்பரா இருக்கு."

சூப்பராக இல்லை, கண்ணு. ஆடி மாதத்திலிருந்து பின்பக்கச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் டியூபில் ஒரு வெடிப்பு. அதன் வழியாகப் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ஆயில் குறைந்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ராஜமாணிக்கம் விளக்கைப் பார்த்தார், கொஞ்சம் ஆயில் ஊற்றினார், விளக்கு அணைந்தது. மறு வாரம் பாலகுமாரும் அதேதான் செய்தார். டயரில் வழிந்த ஆயில் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும் சுபாவம் உள்ளது. இவர்கள்தான் அதற்கு மேல் சோப்புப் போட்டு வேறு கழுவுகிறார்களே! பழைய வண்டி, இவ்வளவு குடிக்கத்தான் செய்யும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பாதி தெரியும். முழுசாக யாருக்கும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் ராஜமாணிக்கத்தின் மகள் ஸ்ரீமதிக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஐப்பசியில், திருவந்திபுரத்தில் தாலி கட்டு. வீட்டிலிருந்து கோயிலுக்குத் தாய்மாமன் பாலகுமார்தான் காரை ஓட்டிப் பெண்ணை அழைத்துப் போவது என்று நிச்சயம் ஆயிற்று. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கும்போதே இன்னொரு கூட்டம் ஏறும். ரோடு பூராவும் மேளம், குழந்தைகள், பூக்கூடை. அந்தக் கூட்டத்துக்குள் அந்தப் பிரேக்கை நம்பி ஒரு பெண் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாலகுமார் காரோடு அக்கா வீட்டுக்கு வந்து தங்கினார். மறுநாள் விடிந்ததும் பால் பாக்கெட் எடுக்கப் போன சௌந்தரம், காருக்கு அந்தப் பக்கம் புருஷனும் இந்தப் பக்கம் தம்பியும் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா மச்சான், இவ்ளோ சீக்கிரம்?"

"சும்மா மாமா. கண்ணாடி தொடைக்கலாம்னு."

"கண்ணாடி தொடைக்க பானெட்ட இன்னாத்துக்குத் தொறந்த?"

"நீங்க துண்டுல இன்னா சுத்தி வச்சிருக்கீங்க?"

"அது... மருந்து."

"யாருக்கு?"

சௌந்தரத்துக்கு வேறு சந்தேகம். "கல்யாண வூட்டுல காலங்காத்தால ரெண்டு பேரும் பாட்டில ஒளிச்சி வச்சிக்கினு நிக்கிறீங்களா? வெளிய எடுங்க. எடுறா பாலு!"

எடுத்தார்கள். சரக்குப் பாட்டில் இல்லை. இரண்டும் பிரேக் ஆயில், அதுவும் ஒரே கம்பெனி. சௌந்தரத்துக்குப் புரியவில்லை. ஆனால் ஆண்கள் இரண்டு பேரும் அடுத்தவர் கையில் இருந்த பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"நீ எப்பேர்ந்து ஊத்தற மச்சான்?"

"ஆடியிலேர்ந்து. நீங்க?"

"நானும்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"நீ சொன்னியா?"

"அப்போ ரெண்டு பேரு ஊத்தன ஆயிலும் எங்கதான் போச்சு?" என்றாள் சௌந்தரம்.

அதற்குப் பதில் சொல்ல வாயைவிடக் கை சுலபமாக இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். முந்தைய நாள் வழிந்த ஆயில் இன்னும் கழுவப்படாமல் டயரின் உள்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. ராஜமாணிக்கம் ரப்பர் டியூபை விரலால் வளைத்தார். வெடிப்பு மெல்ல வாயைத் திறந்து ஒரு சொட்டு விட்டது. உப்பிப் போன டியூப், ஓங்கி ஒரு மிதி மிதித்திருந்தால் பிய்த்துக்கொண்டிருக்கும்.

சத்தம் கேட்டு ஸ்ரீமதி வெளியே வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, காய்வதற்காக விரலை விரித்துப் பிடித்திருந்தாள். பாட்டில்களையும் பார்த்தாள், டியூபையும் பார்த்தாள்.

"இதுலதான் மாமா என்னை ஏத்திக்கினு போறதா இருந்தீங்க?"

சத்தம் போட்டிருந்தால்கூட பாலகுமார் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிடறேன் பாப்பா. இத நான் தொட மாட்டேன்."

"அன்னைக்கு ஒரு கிரைண்டருக்கு வாய் நீண்டுச்சு. இன்னைக்கு அந்த கிரைண்டருக்கு பயந்துகினே என் பொண்ண கொண்டுபோய் எதுலயாச்சும் மோதியிருப்பீங்க" என்றாள் சௌந்தரம். பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின.

ராஜமாணிக்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார். வெளிநாட்டுக் கார்களுக்கு உதிரிச் சாமான் விற்கிற கடை ஒன்று அங்கே உண்டு. மத்தியானம் திரும்பி வரும்போது பையில் நான்கு சக்கரத்துக்கும் புது டியூப் இருந்தது. ஒன்று போனால் மற்றதும் அந்த வயதுதானே. வழியில் என்ன நினைத்தாரோ, வந்ததும் மச்சான் பக்கத்தில் குந்தி, "எழுந்திரு. இத நான் தனியா செய்ய முடியாது" என்றார்.

உண்மையாகவே முடியாது. பிரேக் டியூப் மாற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துச் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. வாயால் சொன்னால்தான் உண்டு. மூன்று மாதமாக இந்த வேலைக்கு யாரும் போகாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

"அமுத்து."

"அமுத்திட்டேன் மாமா."

"புடிச்சிக்கோ... ம், இப்ப வுடு. பெடல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

கீழே படுத்திருந்த ராஜமாணிக்கத்துக்குத் திருகில் மாட்டியிருந்த கண்ணாடி மாதிரியான குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வருவது தெரிந்தது. நல்லா இருக்க வழியே இல்லை. திருகை மூடிவிட்டு, சக்கரப் பக்கத்திலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"மச்சான், எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாத. உன் காலுக்கு எப்படி இருக்குன்னு சொல்லு."

பாலகுமார் பெடலை இன்னொரு தரம் மெல்ல மிதித்துப் பார்த்தார். பிறகு, "பஞ்சு மாதிரி இருக்கு மாமா. மிதிச்சா எங்கியோ போவுது" என்றார்.

"அப்படிச் சொல்லு! இன்னொரு தரம் அமுத்து."

ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தார்கள். மூன்றாவது சக்கரத்தில், "தோள்பட்டை வுட்டுப் போச்சு மச்சான், நீ கீழ வா, நான் மிதிக்கிறேன்" என்றார் ராஜமாணிக்கம். மச்சானிடம் முடியவில்லை என்று அவர் சொல்லிக் கேட்டது அந்த வீட்டுச் சுவருக்கே புதுசு. சௌந்தரம் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து பானெட் மேல் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். கோபம் பாதி போயிருந்தது என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் ஸ்ரீமதி ஒரு நிபந்தனை போட்டாள். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் திருவந்திபுரம் வரைக்கும் போய் வாங்க. முழுசா வந்தா நான் ஏறுறேன்."

போனார்கள். கெடிலத்துப் பாலம் தாண்டி, ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பாலகுமார் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கார் நின்றது. சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் மட்டும் நிற்கவில்லை. அந்த அழகான மரப்பலகையில் நெற்றி இடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. கல்யாணப் படத்தில் பாருங்கள், பெண்ணைப் பெற்றவர் நெற்றி நிறையச் சந்தனம் அப்பியிருப்பார். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முகூர்த்தத்தன்று கோயில் ரோட்டில் கார் ஊர்ந்துகொண்டு போயிற்று. பெண் பின்சீட்டில், அப்பா முன்சீட்டில். முன்னால் வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். யாரோ உடைத்துப் போட்ட தேங்காய் மூடியில் கால் வழுக்கி, காருக்கு நேர் முன்னால் மல்லாக்க விழுந்தார். பாலகுமார் மிதித்தார். ஒரு முழம் தள்ளிக் கார் அப்படியே நின்றது. வீடியோக்காரர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "லைட்டா சிரிங்க அண்ணே" என்றார். மேளம் நிற்கவே இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது, காருக்குள் இருந்த மூன்று பேரைத் தவிர. ராஜமாணிக்கம் கையை நீட்டி ஸ்டியரிங்கில் இருந்த மச்சான் கை மேல் வைத்தார். பின்னாலிருந்து ஸ்ரீமதி, "மாமா, நெத்திச்சுட்டி நழுவிடுச்சு, கண்ணாடிய இப்படித் திருப்புங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, பாலகுமார் சிதம்பரம் கிளம்புகிற நாள் வந்தது. ராஜமாணிக்கம் சாவியைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், இடது பக்கக் கண்ணாடி எறங்கினா ஏற மாட்டேங்குது. ஏசி போட்டா ஒரு நாத்தம் அடிக்குது. டிக்கி ஒரு பக்கம் ஒழுவுது."

சௌந்தரம் தம்பி முகத்தைப் பார்த்தாள். பாலகுமார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அந்தக் கண்ணாடிய கெடுத்ததே நான்தான் மாமா. புரட்டாசியில. சொல்லல."

"நெனச்சேன்."

"இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு."

"அப்போ உள்ள வா. இப்ப பஸ்ஸா புடிக்கப் போற? கார்ல போறவனுக்கு இன்னா அவசரம்?"

அன்றைக்குப் பாலகுமார் கிளம்பவே பொழுது சாய்ந்துவிட்டது. கதவின் உள்பலகையைக் கழற்றி வாசலில் போட்டுக்கொண்டு, நீ அப்போது என்ன செய்தாய், நான் இப்போது என்ன செய்தேன் என்று இரண்டு பேரும் ஒருவர் தப்பை ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கண்ணாடி பாதி வரைக்கும்தான் ஏறிற்று. மீதியைச் சிதம்பரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போன வழியே பத்திரமாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் கூச்சமில்லாமல் படியேறி வரட்டும். அரிசிப் பானை குறையாமல், பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், உங்கள் குடும்பம் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.