மாதேவிக்குப் பக்கம் வந்தது

நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பக்கம் வந்துவிட்டால், கல்லில் கிடக்கிற தோசையை யார் எடுப்பது?

எருக்கம்பள்ளத்தில் இதற்கு ஏற்பாடு உண்டு. பக்கம் உள்ளவர்கள் தனியாக அடுப்புப் பற்றவைப்பதில்லை, தனியாகக் கிணற்றடிக்குப் போவதில்லை. பக்கம் உள்ளவள் குழந்தையைத் தூக்கினால், பக்கம் இல்லாத ஒருத்தி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொள்வாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, நகை நட்டெல்லாம் பேசி முடித்த பிறகு, "பொண்ணுக்குப் பக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுத்தான் தட்டு மாற்றுவார்கள்.

எருக்கம்பள்ளம் மலைமேல் இருக்கிற கடைசி ஊர். ஊரைத் தாண்டினால் செக்போஸ்ட். செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம். சில வருடங்களுக்கு முன்னால் நகரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்து தங்கி, ஊரையும் ஊர் ஜனங்களையும் படம் பிடித்துக்கொண்டு போனார். படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. எங்கேயோ யாரோ அந்தப் புத்தகத்தைத் திறந்தால், திறந்த பக்கத்தில் இருக்கிற ஆள் இங்கே செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, படத்தில் இருக்கிற மாதிரியே நிற்க வேண்டும். அவர்கள் புரட்டிவிட்டால் இவர் வேலையைத் தொடரலாம். பெரும்பாலும் ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்தான். எல்லைப்புறத்து ஜனங்களை அதற்கு மேல் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மாதேவியின் பக்கம் நடுவில் இருந்தது. அவள் இடுப்பில் ஒரு காலிக் குடம். முகம் மேற்கே திரும்பியிருக்கும். கண் தூரத்தில் எதையோ தேடும். வாய் லேசாகத் திறந்திருக்கும். உலகத்துத் துக்கம் எல்லாம் அந்த முகத்தில் வந்து குந்தியிருக்கும். கீழே இப்படி அச்சடித்திருந்தார்கள்: 'காத்திருப்பு. தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது எல்லையில் வாழும் இவளுக்கே தெரியாது.'

அன்றைக்கு நடந்தது வேறு. அவள் புருஷன் ஜடையன் எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஏறி டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். இவள் கீழே நின்று, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் வேட்டி ஓட்டில் மாட்டிக்கொண்டது. இவள் சிரித்தாள். புகைப்படக்காரர் பக்கத்து வீட்டுப் புட்டக்காவின் குடத்தை வாங்கி இவள் இடுப்பில் வைத்துவிட்டு, சிரிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தார். மாதேவி லேசில் நிறுத்துகிற ஆள் இல்லை. ஒரு சிரிப்பு முடிந்து அடுத்தது கிளம்புவதற்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அதைப் பிடித்துவிட்டார். படத்தில் துல்லியமாக விழுந்ததெல்லாம் ஆளோடு கூடவே வந்துவிடும். பின்னால் இருந்த ரேஷன் கடையையும் செல்போன் கோபுரத்தையும் மங்கலாக்கிவிட்டதால், அவளோடு எதுவும் கூட வர வேண்டியதில்லை. குடம் மட்டும் வரும். அவளுக்குப் பக்கம் வரும்போதெல்லாம் புட்டக்கா வீட்டுக் குடம் கிளம்பி இவள் இடுப்புக்கு வந்துவிடும். படத்தில் காலிக் குடம் என்பதால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

"குடத்தைக் கொண்டுட்டுப் போறதுதான் போறே, தண்ணியையும் கொண்டுட்டுப் போனா என்னடி? சமையக்கட்டெல்லாம் குளமாக் கெடக்குது!" என்று புட்டக்கா ஓயாமல் திட்டுவாள்.

"படத்துல தண்ணி இல்லீங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்பாள் மாதேவி. வாய் திறந்திருக்கும்போது எடுத்த படம் ஆனதால் அவளால் பேச முடியும். வாயை மூடிக்கொண்டு படத்துக்கு நின்றவர்கள் பாடு இன்னும் மோசம்.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, மகள் தாரணிக்குக் களி ஊட்டிக்கொண்டிருக்கும்போது பக்கம் வந்தது. ஊட்டப் போன கை இடுப்புக் குடத்தைப் பிடிக்கப் போய்விட்டது. நாத்தனார் கெம்பி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். களி ஆறியது. வெயில் ஏறியது. பக்கம் போகவில்லை.

"எவனோ புஸ்தகத்தைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கிட்டான் அண்ணி" என்றாள் கெம்பி.

"தூங்கினா எந்திரிக்க மாட்டானா?"

எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு இருட்டியது, மறுநாள் விடிந்தது. மாதேவி முற்றத்தில் குடத்தோடு நின்றாள். உடம்பு நின்றதே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நனைய வைத்த துணி நாறுமே, பால்காரன் வந்து திரும்பிப் போயிருப்பானே, கொடியில் மிளகாய் காய்ந்து உதிருமே என்று அது வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மூக்கு நுனி அரித்தது. கெம்பியைக் கூப்பிட்டுச் சொறியச் சொன்னால், அவள் சொறிந்த இடத்துக்குப் பக்கத்தில் அரித்தது.

செக்போஸ்ட் ஏட்டையா பேப்பர் படிக்கிறவர். அவர்தான் வந்து சேதி சொன்னார். நகரத்தில் எல்லைப்புற மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி திறந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். மாதேவியின் பக்கம்.

"எப்பங்க மூடுவாங்க?" என்று ஜடையன் கேட்டான்.

"நிரந்தரக் கண்காட்சின்னு போட்டிருக்குதப்பா."

மாதேவிக்கு நிற்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. குழந்தைதான் விஷயம். தாரணிக்கு அம்மா என்றால் சிரிக்கிற முகம். கெம்பி அவளைத் தூக்கிப் பிடித்து மாதேவியின் மாரில் பால் குடிக்க விட்டால், குழந்தை வாய் வைக்கும், ரெண்டு உறிஞ்சு உறிஞ்சும், மேலே பார்க்கும். அங்கே அந்தப் படத்து முகம் இருக்கும். உடனே வாயை எடுத்துவிட்டு வீரிடும். பிறகு சுற்றும் முற்றும் அம்மாவைத் தேடும்.

சாயங்காலம் கெம்பி கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். "அண்ணி, இவ என்னைய அம்மாங்கறா!"

"நீ என்ன சொன்னே?"

"நான் சிரிச்சுட்டேன். அதுக்கு இன்னொருக்கா அம்மாங்கறா. நான் என்ன பண்றது, எனக்குக் கல்யாணங்கூட ஆகலே!"

மாதேவி மேற்கே பார்த்தபடியே ஜடையனைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, காலைல மொத பஸ்ஸுக்கு என்னையத் தூக்கி ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினார்கள். கண்டக்டர் பார்த்துவிட்டு, "அக்காவ உக்காரச் சொல்லுங்க, இடமிருக்குது" என்றார்.

"உக்கார மாட்டா. பக்கம் வந்திருக்குது" என்றான் ஜடையன்.

"அப்ப கம்பியப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"கையில குடமுங்க."

"அதுஞ் சரிதான்" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.

சிக்கல் கொண்டை ஊசி வளைவுகளில்தான். படத்தில் அவள் மேற்கே பார்ப்பதால், பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் மேற்கையே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் ஜடையன் இடுப்பைப் பிடித்துத் திருப்புவான். கெம்பி குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் குடத்தைத் தள்ளுவாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்பாள் மாதேவி.

"அய்யோ, மேக்கு அந்தப் பக்கமப்பா" என்றார் பின்சீட்டில் மஞ்சள் மூட்டையோடு இருந்தவர்.

"நீங்க தலைகீழா உக்காந்துட்டு மேக்கு சொல்லாதீங்க" என்றார் இன்னொருத்தர். மலை இறங்கி முடிக்கும் வரை பஸ்ஸே மேற்கைத் தேடிக்கொண்டு வந்தது.

கண்காட்சி நல்ல குளிரூட்டிய கட்டடம். செவ்வகக் கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே விளக்குப் போட்டு, புத்தகம் விரிந்து கிடந்தது. மாதேவியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் மேற்கே பார்க்க நிறுத்தினார்கள். பெட்டியைச் சுற்றிக் கூட்டம். கண்ணாடி போட்ட ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டு, "என்ன ஒரு சோகம், பார்த்தீங்களா? இவங்களுக்குச் சிரிக்கவே தெரியாது" என்று தன்னோடு வந்தவரிடம் சொன்னார். பிறகு மாதேவியிடம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படம் மறைக்குது" என்றார்.

ஜடையன் அவளைத் தள்ளி வைத்தான்.

பொறுப்பாளர் சுகிர்தா மேடம் வந்தார். மாதேவியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை நீங்க வெறும் குடத்தோட வந்தீங்க. நேத்து வேற புத்தகத்துப் பாலைவனப் பக்கத்திலேர்ந்து ஒருத்தர் ஒட்டகத்தோட வந்துட்டார். கதவு பத்தலை" என்றார்.

"பக்கத்தைத் திருப்பிடுங்க மேடம். கொழந்தை என்னைய மறக்குது" என்றாள் மாதேவி.

மேடம் யோசித்தார். இரக்கம் இல்லாதவர் இல்லை. பெட்டியைத் திறந்து அடுத்த பக்கத்தை விரல் நுனியால் தூக்கிக் காட்டினார். "இதுல பசங்க மழையில ஓடறாங்க."

"அய்யோ வேண்டாமுங்க" என்றான் ஜடையன். "புள்ளைங்க ராத்திரி பகலா மழையிலயே நிக்கோணும். சளி புடிச்சுக்கும்."

"முந்தின பக்கம், வெறகு சுமக்கற பெரியவர்."

"ஒத்தக் கால்ல நிக்கற மாதிரி எடுத்திருக்கார் மேடம். அவருக்கு முட்டி வலி."

"அப்போ மூடிடறதா?"

"அட்டைப் படத்துல செக்போஸ்ட் கம்பம் எறக்கியிருக்குதுங்களே. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஊருக்குள்ள வராது."

"மூடின புத்தகத்தை யாரும் வந்து பார்க்கவும் மாட்டாங்க" என்று மேடமும் ஒத்துக்கொண்டார்.

தாரணி கெம்பியின் தோளைத் தட்டி, "ம்மா" என்றாள். கெம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசிப் பக்கத்துல யாருங்க மேடம்?" என்றாள் மாதேவி.

மேடம் புரட்டினார். புரட்டப் புரட்ட, மலைமேல் ஒவ்வொருவராக ஒரு கணம் நின்று போயிருப்பார்கள். கடைசியில் புகைப்படக்காரரே இருந்தார். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மோவாயில் கை வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் படத்தில் மட்டும் அவர் எதையும் மங்கலாக்கவில்லை. பின்னால் மலை துல்லியமாகத் தெரிந்தது.

"ஆனா இவர் எல்லைப்புறத்து ஆள் இல்லையே?" என்றார் மேடம்.

"எங்கூர்ல எங்க பாறை மேல உக்காந்திருக்காருங்களே. அன்னைக்கு எங்கூட்டுச் சோறுதான் தின்னாரு."

மேடத்துக்கு அது சரியாகப் பட்டது. புத்தகத்தை அப்படியே விரித்து வைத்துப் பெட்டியை மூடினார்.

அதற்குள் மாதேவியின் இடுப்பிலிருந்து குடம் போய்விட்டிருந்தது. கழுத்து தளர்ந்தது. முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டாள். இத்தனை நாளாக உள்ளுக்குள் சேர்ந்து கிடந்த சிரிப்பு மொத்தமும் கிளம்பி வந்தது. ஓட்டில் மாட்டிய வேட்டிக்கும், மஞ்சள் மூட்டைக்காரரின் மேற்குக்கும், ஒட்டகத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள். கண்ணாடி போட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். தாரணி கெம்பியின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். பார்த்தாள். ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினாள்.

"அப்பாடி" என்றாள் கெம்பி. "நான் மறுபடியும் அத்தையாயிட்டேன்."

மாதேவி ஓரமாகக் கிடந்த நாற்காலியில் சுவரைப் பார்க்க உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். குழந்தை மேலே பார்த்தது. பார்த்துக்கொண்டே குடித்தது.

குடித்து முடிக்கும்போது மேடத்தின் போன் அடித்தது. மேடம் கேட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு, "உங்ககிட்டத்தான் பேசணுமாம். போட்டோகிராபரோட சம்சாரம்" என்று போனை நீட்டினார்.

மாதேவி வாங்கிக் காதில் வைத்தாள்.

"அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னது நீங்கதானேம்மா?" என்றது அந்தக் குரல். "அதை இப்போதைக்குத் திருப்பிட வேண்டாம்னு மேடம்கிட்டச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள இவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. பசங்க ரெண்டும் மடியில ஏறி உக்காந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுதுங்க. ஆனா அவருக்குப் பின்னாடி ஹால்ல உங்க மலை வந்து நிக்குது. அது பரவாயில்லை, டிவியை அந்தப் பக்கம் நகர்த்திட்டேன். அது மேல மேய்ஞ்சுக்கிட்டிருந்த ஆடுங்கதான் கீழ எறங்கித் திரைச்சீலையைத் திங்குது."

"காது வெட்டின கருப்பாடு ஒண்ணு இருக்குதுங்களாக்கா?" என்றாள் மாதேவி.

"இருக்கு. சோபா மேல ஏறிப் படுத்திருக்கு."

"அது எங்களதுதானுங்க. செனையா இருக்குது. நாங்க பஸ்ஸப் புடிச்சு வந்துடறோம்" என்றாள் மாதேவி. "அதுவரைக்கும் அதை மட்டும் யாரும் போட்டோ எடுத்துடாமப் பாத்துக்குங்கக்கா."