மைக்கைத் திருப்பும் இடம்

ஊருக்கெல்லாம் அவர் பெயர் இடி. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் இடி.

அறுபத்தைந்து வயதில் ராக் பாடகராக இருப்பதில் சிரமம் ஒன்றுதான். இருபத்தைந்து வயதில் ஒருவன் யோசிக்காமல் செய்து வைத்ததையெல்லாம் மேடைதோறும் செய்து காட்ட வேண்டும். அந்த ஒருவன் இவரேதான் என்பதால் மனம்விட்டுத் திட்டவும் முடியாது. கடைசிப் பாட்டின் கடைசி வரியில் அந்தப் பயல் தொண்டை கிழிய ஒரு கத்து கத்தி, இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தான். ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே அந்தக் கத்தலுக்குத்தான்.

இடி அதற்கொரு வழி வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவார். கூட்டம் கத்தும். ரசிகர்கள்மேல் மனிதருக்கு எவ்வளவு பாசம் என்று உருகுவார்கள். பாசமும் இருந்தது, பொய்யில்லை.

கச்சேரிகளைக் கவனித்துக்கொள்வது மகள். அரங்கின் பின்னறையில் அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கும் நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"அப்பா, போன தடவை கூட்டமே சரியா பாடல. பழைய ரெக்கார்டுலேர்ந்து அந்தக் கத்தலை மட்டும் வெட்டி வச்சிருக்கோம். மாமா பட்டனைத் தட்டுவாரு. நீங்க வாயை மட்டும் திறந்தா போதும்."

"வாயை மட்டும் திறக்கறதுக்குப் பல் டாக்டர்கிட்ட போறேன். மேடையில முடியாது."

"இன்னைக்கும் சொதப்பினா?"

"இதோட நிறுத்திக்கறேன்."

அவர் சொன்னால் செய்துவிடுவார். மேடையை விட்டால் அப்பா ஒடிந்துபோவார் என்று அவளுக்குப் பயம். அவருக்கு அதைவிடப் பயம். இருவரும் வெந்நீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர் சமாதானத்துக்கு வந்தார். "நான் தொடமாட்டேன் மச்சான். அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கறேன்."

அவசரத்தில் அவர் செய்த எதுவும் உருப்பட்டதில்லை.

அரங்கு நிறைந்திருந்தது. கடைசிப் பாட்டுக்கு வழக்கம்போல எல்லோரும் எழுந்தார்கள். முன்னிருக்கையைப் பிடித்து, பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்து, ஒருவழியாக எழுந்தார்கள். அந்த இடம் வந்தது. இடி மைக்கைத் திருப்பினார். ஆயிரம் வாய்கள் திறந்தன.

வந்தது இருமல். எங்கோ ஒரு குரல் பாதிவரை ஏறிப் பிசிறடித்து இறங்கியது. பக்கத்து ஆள் பாடிவிடுவார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி.

மைத்துனருக்கு மனசு கேட்கவில்லை. தட்டிவிட்டார்.

ஸ்பீக்கர்களிலிருந்து கத்தல் புறப்பட்டது. இடியின் வாய் இறுக மூடியிருந்தது. மைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டியபடி இருந்தது. அந்தக் கத்தலுக்குச் சொந்தம் கொண்டாட அரங்கில் ஓர் ஆள் இல்லை. மேடையோரத்தில் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இடிக்கு மானம் போயிற்று. அப்படியே இறங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கத்தல் இன்னும் முடியவில்லை; நடுவில் போவது மரியாதையில்லை. நின்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முடிந்ததும் மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"நல்லா பாடுறான் இந்தப் பையன். என்னால இவனோட மல்லுக்கட்ட முடியல. உங்களால முடியுமா?"

"முட்டியே மடங்க மாட்டேங்குது, இதுல கத்தல் வேறயா!" என்றாள் முன்வரிசை அம்மாள் ஒருத்தி. அரங்கு சிரித்தது.

"அப்ப இறக்கிப் பாடலாமா?"

"பாடலாம்!" என்று வந்த சத்தம் ஸ்பீக்கரில் வந்ததைவிடப் பெரிது.

கிடார்காரர் சுருதியை இறக்கிக்கொண்டார். கத்தலுக்குள் இத்தனை காலமாக ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. உயரத்தில் யாருக்கும் அது காதில் விழுந்ததில்லை. 'போகாதே' என்பது அந்த வார்த்தை.

ஆயிரம் பேரும் அவரைப் பார்த்து அதைத் தாழ்ந்த குரலில் பாடினார்கள். இடி மைக்கை மறுபடியும் அவர்கள் பக்கமே திருப்பினார். அந்தச் சுருதியிலும் அவரால் பாட முடியவில்லை.