யாரும் அழைக்காத குரல்

செயலியைக் கட்டி முடிக்கும் பில்ட் பாதியில் நின்றுவிட்டது. திரையில் சிவப்பு எழுத்துகளைப் பார்த்ததும் ரிஹானாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. காலையெல்லாம் உட்கார்ந்து அவளே பொருத்திய பிளகின் அது. செயலியின் துண்டுகளான மாட்யூல்களில் எது எதை நம்பி நிற்கிறது என்று பார்த்து, வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். முதல் ஓட்டத்திலேயே அவளுடைய குரல் மாட்யூலைப் பிடித்திருந்தது. சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் யாரும் அழைக்கவில்லை என்றது.

ஏதோ தப்பாகப் பொருத்திவிட்டோம் என்றுதான் நினைத்தாள். கல்லூரித் தோழி நீலாஞ்சனாவோடு சேர்ந்து, செஞ்சி கடைத்தெருவில் மாடியறை பிடித்துத் தொடங்கிய செயலி. நெல், மல்லாட்டை எனும் வேர்க்கடலை இவற்றின் விலையை, படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவரவர் பேச்சிலேயே சொல்ல வேண்டும் என்பது இருவரின் ஆசை. அந்தக் குரல் ரிஹானாவின் பங்கு. ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிந்து வந்து கட்டினாள். செயலியை வெளியே அனுப்புவது நீலாஞ்சனாவின் பொறுப்பு. ரிஹானா அதில் தலையிட்டதே இல்லை.

பிளகினின் விதிகளைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். அதே சிவப்பு. செயலி குரலை அழைத்துப் பேசவைக்கும் இடத்தைத் திறந்தாள். அங்கே வெளியில் வாங்கிய வேறொரு குரல் மாட்யூல் இருந்தது. கோடையிலேயே மாற்றியிருந்தாள் நீலாஞ்சனா. இப்போது ஐப்பசி.

"நீலா, என் குரல எடுத்துட்டியா?"

எதிர் மேசையில் தட்டச்சு நின்றது. "இன்னாடி பண்ணச் சொல்ற? உன்னுது சில போன்ல திக்கிச்சு. சொன்னா ஒடஞ்சிடுவியேன்னு..."

"போன வாரம் அனந்தபுரம் போயி, மழையில நனஞ்சி பதிவு பண்ணினு வந்தேனே. வண்டி சாவிய எடுத்துக் குடுத்ததே நீதானே?"

நீலாஞ்சனா மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தவளும் அவள்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திக்கலைச் சரிசெய்திருக்கலாம்.

"விதிவிலக்குன்னு ஒண்ணு எழுதி வுட்ரு, ரிஹா. பிளகின் கேக்காது. உன்னுதும் அங்கியே இருக்கட்டும்."

ரிஹானா தன் மாட்யூலின் பெயர் இருந்த வரியை அழித்தாள். பில்ட் கடகடவென்று ஓடி முடிந்தது. எங்கும் எதுவும் உடையவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மழை விட்டு, ராஜகிரி மலைமேல் மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுமுன் சாப்பிட்டுவிடுவது நீலாஞ்சனா வீட்டு வழக்கம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள் அவள். தினமும் செய்வதுபோலவே ரிஹானாவின் பங்கை மூடியில் எடுத்துவைத்து நகர்த்தினாள். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் அந்த மூடி நின்றது. யாரும் கை வைக்கவில்லை. சோற்றின் மேலிருந்த வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது.