குறொஸ் லைனில் விழுந்த பைலா

எடித் தன் முதல் பாட்டு றெக்கோட்டை வாங்கியபோது அதைப் போட்டுக் கேட்க அவளிடம் மெசின் இருக்கவில்லை. கீரிக் கிராமத்தில் அவள் வீட்டில் இருந்தது ஒரு றேடியோ. அதுவும் தகப்பன் பஸ்ரியன் செய்தி கேட்பதற்கு.

எழுபதுகளின் தொடக்கம். மன்னார்த் தீவில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் அவள் ரெலிபோன் ஒப்பரேட்டர். வேலைக்குப் போகும் வழியில் தாவூது நானாவின் றேடியோக் கடை. அங்கே இலங்கைக்கே உரிய துள்ளல் பாட்டான பைலா ஒன்று அடிக்கடி ஓடும்: கலியாணத்தன்று மீன்கறிச் சட்டியோடு ஓடிப்போன மாப்பிள்ளையின் கதை. ஒரு குமர்ப்பிள்ளை கடை வாசலில் நின்று பைலா கேட்டால், அவள் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விடும். அதனால் மாப்பிள்ளை பிடிபட்டானா என்று தெரியாமலே பல மாதம் போயிற்று.

ஒருநாள் துணிந்து உள்ளே போய் அந்த றெக்கோட்டை விலைக்குக் கேட்டாள்.

"வீட்டுல மெசின் இருக்கா தங்கச்சி?"

"இல்லை நானா."

"அப்ப என்ன செய்யப் போறீங்க? சோறு போட்டுத் தின்னவா?"

"றெக்கோட் இஞ்சையே இருக்கட்டும். மத்தியானம் நான் கோல் எடுப்பன். ரிசீவரைப் பெட்டிக்குப் பக்கத்திலை வைச்சுப் போடுங்கோ."

தாவூது நானா தாடி குலுங்கச் சிரித்தார். ஆனால் சொன்னபடி செய்தார்.

மத்தியானத்தில் தபாலதிபர் செல்வநாயகம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். எடித் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கேட்டாள். பாட்டு மணலுக்குள்ளால் வருவதுபோலக் கரகரத்தது. மாப்பிள்ளை மாமியாரிடம் பிடிபட்டான். மாமியாரோ மிச்சச் சோற்றையும் போட்டுக் கொடுத்தாள். எடித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தனியே சிரித்து என்ன பயன்? முருங்கன் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்த இந்திராதேவியையும் லைனில் இணைத்தாள். முகம் பாராத சிநேகிதி. மத்தியானம் ஆனதும் இப்போது அவளே முந்திக்கொண்டு கூப்பிடத் தொடங்கினாள்.

ஒருநாள் செல்வநாயகம் நேரத்தோடு திரும்பி வந்து, யாழ்ப்பாணத்துக்குக் கோல் எடுக்கவென்று தன் போனைத் தூக்கினார். அவசரத்தில் எடித் வயரை மாற்றிச் செருகிவிட்டாள். அவர் காதில் விழுந்தது பைலா.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

"பிள்ளை, லைனிலை என்ன சத்தம்?"

"குறொஸ் லைன் சேர். கடல்காத்துக்கு இராமேஸ்வரத்து லைன் இஞ்சை விழுந்திட்டுது போலை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது.

"இராமேஸ்வரத்திலை பைலா போடுறவையோ?"

"அங்காலை என்ன போடினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் சேர்?"

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். வேலை போனால் தகப்பனிடம் என்ன சொல்லலாம் என்று எடித் அன்று முழுக்க யோசித்தாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்குக் கோல் எடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக இருந்தாள். தபாலதிபரின் அறையிலிருந்து போனில் அழைப்பு வந்தது. மனுசன் வீட்டுக்குப் போகவில்லை.

"இண்டைக்கு இராமேஸ்வரம் விழேல்லையோ?"

"இல்லை சேர்."

"நான் சாப்பிடாமல் இருக்கிறன் பிள்ளை. ஒருக்கா விழுத்திப் பாரும்."

எடித் கடையை இணைத்தாள்; வழக்கம்போல் இந்திராதேவியும் லைனில் வந்து சேர்ந்தாள். பாட்டு தொடங்கியது. சற்று நேரத்தில் லைனில் டொக்கு டொக்கென்று இன்னொரு சத்தம். யாரோ மேசையில் விரலால் தாளம் போடுகிற சத்தம். தாளம் பாட்டோடு ஒட்டவேயில்லை.

"ஆரடி இது, இடைக்குள்ளை தட்டுறது?" என்று இந்திராதேவி கேட்டுவிட்டாள்.

தாளம் நின்றது. பிறகு இன்னும் பலமாகத் தொடங்கியது.

நத்தார்ப் பண்டிகைக்கு எடித் ஒரு மெசின் வாங்கி, றெக்கோட்டையும் கீரிக்குக் கொண்டுபோனாள். பஸ்ரியன் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வீட்டில் பாட்டு வலு தெளிவாகக் கேட்டது. எடித்துக்கு மட்டும் அது உப்புக் குறைந்த கறி மாதிரி இருந்தது.