வாசலோடு போகாத சளி

மார்ச் பதினான்காம் தேதி கசகஸ்தானின் மங்கிஸ்தாவ் பக்கம் யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. குளிர்காலம் கழிந்ததென்று வீடு வீடாகப் போய், இரு கைகளாலும் கை பற்றி, மார்போடு மார்பு சேர்த்து வாழ்த்திக்கொள்வார்கள். இளையவர்கள் மூத்தவரைத் தேடிப் போவது முறை. தெருவிலேயே மூத்தவர் ஒரின்பாய். ஆறு மாதத்துக்கு முன்புதான் தலைநகர் அஸ்தானாவில் அவருக்கு வேறொருவரின் நுரையீரலைப் பொருத்தியிருந்தார்கள்.

கூட்டம் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஊர் பொறுக்காது. மனைவி குல்சிபா யோசித்து ஒரு வழி கண்டாள். அவரை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அவருக்குப் பதில் தானே வாசலில் நின்றாள்.

“என்ன அண்ணி, அண்ணனை ஒளிச்சு வச்சுட்டீங்க? புது நுரையீரலைத் திருடிக்கிட்டா போயிருவோம்?” என்றான் பக்கத்து வீட்டு சபீர்ஜான்.

“உன்னை எப்படி நம்புறது? போன வருஷம் வாங்கிட்டுப் போன ஏணியே இன்னும் வரல. அவருக்குண்டான வாழ்த்தை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்து அணைத்தான். மொத்தம் நாற்பத்தொரு பேர். எல்லோரும் போனபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் அவளுக்குத் தும்மல். உடனே முகக்கவசம் போட்டாள். ஐந்தாம் நாள் அவளுக்குச் சரியாகிவிட்டது. ஏழாம் நாள் அவர் இருமினார்.

இப்போது மே கடைசி. பரிசோதனையில் இன்னும் அதே கிருமி.

“அவர் சாப்பிடுற மாத்திரைதாம்மா நுரையீரலை உடம்பு தள்ளிவிடாம பாத்துக்குது,” என்றார் தொலைபேசியில் மருத்துவர். “அதேதான் கிருமியையும் விரட்ட விட மாட்டேங்குது. ரொம்பக் குறைச்சா நுரையீரலே போயிரும்.”

“கிருமிக்கு மருந்து?”

“இந்தச் சளிக்குன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா. பாத்துக்கிட்டே இருக்கணும்.”

தினமும் காலையில் ஒரின்பாய் மூச்சின் அளவு காட்டும் ஊதுகுழாயில் ஊதுவார். அவள் அளவைக் குறிப்பாள். மார்ச்சில் இரண்டு புள்ளி எட்டு லிட்டர். இன்று ஒன்று புள்ளி ஒன்பது.

“நான்தாங்க கொண்டாந்து குடுத்தேன்.” கதவோரமே நின்று சொன்னாள்.

“தெரியும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இந்த ரூமுக்குள்ள… வேற யாரு வர்றா?”

ஜன்னலுக்கு வெளியே சபீர்ஜான் இவர்களுடைய அதே ஏணியில் ஏறித் தன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபடி உரக்கப் பாடிக்கொண்டிருந்தான். ஒரின்பாய் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை ஊதுங்க.”

ஊதினார். ஒன்று புள்ளி ஒன்பது.